ரெண்டு காலும் சீற்றில

படகுத்துறைக்குப் போய்ச் சேருவதற்குள் தங்கராசாவின் கார் பதினொரு தரம் நின்றது. எண்ணியது அவனல்ல, பின்சீற்றில் இருந்த அப்புத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணத்தில் மகளுக்குப் பிறந்த முதல் பிள்ளையைப் பார்க்கவென்று மனைவி விமலேஸ்வரியோடும் அரைச் சாக்கு அரிசியோடும் கிளிநொச்சியில் ஏறியவர். பள்ளத்தில் வேகம் குறைத்தால் கார் நின்றது. மாட்டுக்கு வழிவிட்டால் நின்றது. ஒவ்வொரு தரமும் தங்கராசா இறங்கி, மருந்துக் குப்பியிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் விட்டு, முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுற்ற வேண்டும். உள்ளே ஒருவர் அக்ஸிலேற்றரை மிதித்துப் பிடிக்க வேண்டும். அந்த வேலை எழுபது வயது மாஸ்டருக்கு வந்தது. துறையை அடைந்தபோது யாழ்ப்பாணக் கரையிலுள்ள கிளாலிக்குப் போகும் கடைசிப் படகும் போய்விட்டது.

மார்கழியில் நடந்த கதை இது. அடுத்த நாளே வாடகைக் கார்ச் சங்கத்தின் செயலாளர் கதிர்காமநாதன் கரடிப்போக்குச் சந்தியில் வைத்துத் தங்கராசாவைக் கூப்பிட்டார்.

"தங்கராசா, உம்மில எனக்கொரு கோபமும் இல்லை. ஆனா நிண்டு ஓடாத காரை வரிசையில விடேலாது. மாஸ்டர் வந்து என்னை நாய் பேச்சுப் பேசிப்போட்டுப் போறார். சரியாக்கிக்கொண்டு வாரும். அதுவரைக்கும் உமக்கு முறை இல்லை."

"எல்லாரும் மண்ணெண்ணெயிலதானே அண்ணை ஓடுறம். மண்ணெண்ணெய் எண்டா உப்பிடித்தான்."

"என்ர காரும் மண்ணெண்ணெய்தான். நிக்குதோ?"

சண்டையால் வன்னிக்குள் பெற்றோல் வருவது நின்று ஐந்து வருசமாகிறது. எல்லாக் கார்களும் நாலு சொட்டுப் பெற்றோலில் கண்விழித்து மண்ணெண்ணெயில் ஓடப் பழகியிருந்தன. கதிர்காமநாதனின் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் சந்தியில் நின்றபடி முனகிக்கொண்டிருக்கும், அவர் பக்கத்தில் நின்று பேப்பர் வாசிப்பார். காலை எடுத்த பிறகும் எஞ்சின் தன்பாட்டில் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதைச் சந்தியில் 'ஸ்லோ' என்பார்கள். தங்கராசாவின் மொறிஸ் மைனருக்கு அந்த ஸ்லோதான் இல்லை. அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் ஏறும், இறங்கும், இருமும், செத்துப்போகும்.

சங்கத்தில் பதினாலு கார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன் இவன் ஒருவன்தான். எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்து, காடு வெட்டி, கூலி செய்து, லொறியில் கிளீனராக ஓடி, முப்பத்தெட்டு வயதில் வாங்கிய கார். முறை போன அன்று அவன் திரும்பி நடக்கும்போது, "உவங்களுக்கு ஏன் கார்?" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. யார் சொன்னது என்று தெரிந்துவிட்டால் பிறகு அந்த ஆளோடு தேத்தண்ணி குடிக்க முடியாது.

தை பிறந்தது. சண்டை நிறுத்தம் என்றார்கள். சவர்க்காரம் வந்தது, சீனி வந்தது, காணாத சொந்தங்களைக் காணச் சனம் புறப்பட்டது. ஒவ்வொரு காருக்கும் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று ஓட்டம். தங்கராசாவின் கார் மட்டும் மலையாளபுரத்தில் அவன் வீட்டு வளவுக்குள் வேப்பமரத்தின் கீழ் நின்றது. மனைவி பேச்சியம்மா கடலை பிடுங்கக் கூலிக்குப் போனாள். முரசுமோட்டை மில்காரர் ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் கார் வேண்டாம், எஞ்சின் மட்டும் போதும், நெல்லுக் குத்துகிற மெசினுக்குப் பூட்ட.

"திங்கக்கிழமை ட்ரக்டரோட வாறன். யோசிச்சு வையும்," என்று சொல்லிப் போனார்.

வியாழக்கிழமை சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பொங்கல் விளையாட்டு விழா. மெதுவான சைக்கிள் ஓட்டம் வருசா வருசம் இருப்பதுதான். இம்முறை புதிதாக மெதுவான கார் ஓட்டம். நூறு யார், முந்நூறு அடி தூரம். முதலாம் கியர். கடைசியாகக் கயிற்றைத் தாண்டுகிறவர் வென்றவர். இடையில் நின்றால் வெளியே. அடியில் கறுப்பு மையால் தடித்த எழுத்து: 'சாரதியின் இரண்டு கால்களும் சீற்றுக்கு மேல் இருத்தல் வேண்டும்.'

தங்கராசா அதை மூன்று தரம் வாசித்தான். பிறகு நேரே கதிர்காமநாதனிடம் போனான்.

"அண்ணை, நான் உதில ஓடப்போறன். நிக்காமல் கயிறு தாண்டினா என்ர முறையைத் தருவியளோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்காமநாதன் சிரிக்கவில்லை.

"வெல்லத் தேவையில்லை. நிக்காமல் தாண்டும். திங்கள் விடியவே வரிசையில விடுறன். எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

வீட்டுக்கு வந்து சொன்னபோது பேச்சியம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "என்னாங்க, புத்தி கெட்டுப் போச்சா? வாசல்லருந்து ரோட்டுக்குப் போகவே மூணு வாட்டி நிக்குது. அங்க கால மேல வச்சுக்கிட்டு ஓட்டப் போறீங்களாக்கும்!"

"இன்னும் மூணு நாள் இருக்கு பேச்சி."

"ஒன்றரை மாசத்துல பாக்காததையா மூணு நாளுல பாப்பீங்க?"

சந்தியில் அவன் வாயில் வன்னித் தமிழ்தான் வரும். வளவுக்குள் கால் வைத்ததும் இரண்டு பேருக்கும் தோட்டத்துப் பேச்சு. கோபம் வந்தால் பேச்சியம்மாவுக்கு அது இன்னும் வேகமாக வரும்.

வெள்ளி விடியற்காலை தூறல். கடலைத் தோட்டம் சேறாகிவிட்டதால் கூலிக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். பேச்சியம்மா ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். வெளியே தங்கராசா எஞ்சினை ஓடவிட்டு, பொனற்றைத் திறந்து, ஸ்லோ திருகாணியோடு மல்லுக்கட்டினான். ஏற்றினால் எஞ்சின் கத்தியது. இறக்கினால் இரண்டு இருமலோடு நின்றது. பிளக்குகளைக் கழற்றிக் கரி சுரண்டியாயிற்று. தீப்பொறி எழுப்பும் பொயின்ற்ஸுக்குச் சவர அலகை வைத்து இடைவெளி பார்த்தாயிற்று. மண்ணெண்ணெய் வரும் துவாரங்களை வாயால் ஊதி ஊதி உதடு கறுத்துப்போயிற்று.

அப்போதுதான் யோசெப்பின் சைக்கிள் வாசல் படலையில் வந்து நின்றது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி கருவாடு கொண்டு வருகிறவன். கடலுக்குப் பெரிய எஞ்சின் கொண்டுபோகக் கடற்படை விடாத காலமாகையால் கருவாடு விற்றான். அதற்கு முன் அவன் கரையில் படகு எஞ்சின்கள் திருத்தியவன்.

"அக்கா, நெத்தலி கிடக்கு, கட்டாக் கருவாடு கிடக்கு..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். "இதென்ன அண்ணை சத்தம்?"

"ஒன்றரை மாசமா இதே சத்தந்தான். மண்ணெண்ணெய்க் கோளாறு."

யோசெப் சைக்கிளை வேம்பில் சாத்திவிட்டு வந்தான். கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எஞ்சின் ஏறியது, இறங்கியது, ஏறியது.

"எண்ணெயில பிழையில்லை. எண்ணெய் போதாதெண்டு கத்துது. சோக்கை இழுத்துப் பாத்தனீங்களோ?"

"இழுத்தா நல்லா ஓடுது. விட்டா நிக்குது."

யோசெப் துள்ளியே விட்டான். "அந்தோனியாரே! இதை முதல்லயே சொல்லக்கூடாதே அண்ணை! சோக்கை இழுத்தா எண்ணெய் கூடிப் போகுது. கூடிப் போனாத்தான் ஓடுதெண்டா, காத்தும் கூடத்தான் போகுது. காபரேற்றர் வாசலால வாற காத்தில்லை. வேற எங்கயோ ஓட்டை கிடக்கு. கள்ளக் காத்து!"

"கள்ளக் காத்தா?"

"ஓம். எங்கட படகு எஞ்சினுக்கும் வாறதுதான். ஆக்கள் எண்ணெயைப் பேசுவினம், பிளக்கைப் பேசுவினம். காத்தை ஒருத்தரும் பேசாயினம். கண்ணுக்குத் தெரியாதெல்லோ."

தங்கராசாவின் முகம் மாறிவிட்டது. காபரேற்றர் எஞ்சினோடு சேருகிற மூட்டுகளைச் சுற்றி மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்போம், ஓட்டை இருக்கும் இடத்தில் சத்தம் மாறும் என்றான் யோசெப். குப்பியை எடுத்தும்விட்டான்.

"ஐயையோ, வேணாம் தம்பி!" பேச்சியம்மா மாக் கையோடு ஓடி வந்தாள். "கீழ பொகக்குழாய் நெருப்பாட்டம் கெடக்கு. பத்திக்கிட்டா காரும் போச்சு, மரமும் போச்சு."

தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். சூட்டுக் குழாயில் விழுந்து 'உஸ்ஸ்' என்று ஆவியாகியது. அந்த இரைச்சலில் எஞ்சினின் சத்தம் மாறியதா இல்லையா என்றே தெரியவில்லை. இரண்டு ஆண்களும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

பேச்சியம்மா குசினிக்குள் போய் அடுப்பு ஊதுகிற பப்பாசித் தண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு முனையைக் காதில் வைத்தாள். மறுமுனையைக் காபரேற்றரின் பக்கம் கொண்டு போனாள். சின்ன வயதில் தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கியவள் அவள். மெசினைச் சுழற்றும் பெரிய பட்டி வழுக்கத் தொடங்கினால் எஞ்சின்காரருக்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று தங்கராசாவிடம் பெருமை பேசியிருக்கிறாள். அவன் நம்பியதில்லை.

"இங்க ஒண்ணும் இல்ல... இங்கயும் இல்ல..." தண்டு மூட்டு மூட்டாக நகர்ந்தது. காபரேற்றருக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத மறைவில், காரின் உட்தகட்டைப் பார்த்தபடி இருக்கும் பக்கத்துக்குப் போனபோது அவள் கை நின்றது. "ஏங்க! பாம்பு சீறுற மாதிரி சீறுதுங்க!"

"எங்க?"

"இங்க, இந்த இரும்புத் தண்டு முனையில!"

காபரேற்றருக்குள் காற்று வழியைத் திறந்து மூடுகிற தகட்டைத் தாங்கி ஒரு சின்ன இரும்புத் தண்டு உண்டு. அக்ஸிலேற்றரை மிதிக்கும்போது அதுதான் சுழலும். அந்தத் தண்டு சுழல்கிற துளையைத்தான் அவள் காட்டினாள். யோசெப் விரலை நுழைத்துத் தண்டை ஆட்டிப் பார்த்தான். ஒரு அரிசி கனத்துக்கு ஆடியது.

"தேஞ்சு போச்சு அண்ணை! இருபத்தஞ்சு வருசம் சுத்திச் சுத்தித் துளை தேஞ்சு போச்சு! இதால காத்தை உறிஞ்சுது!"

பேச்சியம்மா அவர்கள் பேசி முடிக்கும்வரை நிற்கவில்லை. கையில் ஒட்டியிருந்த ரொட்டி மாவைத் திரட்டி உருட்டி, அந்தத் துளையின் மேல் அப்பி, பெருவிரலால் அமுக்கினாள்.

எஞ்சின் ஒருகணம் திகைத்தது போல இருந்தது. பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. ஏறவில்லை, இறங்கவில்லை.

மூன்று பேரும் மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல நின்றார்கள். முதலில் சத்தம் போட்டது தங்கராசா.

"பேச்சி! ஓடுது பேச்சி! நின்னு ஓடுது!"

"ரொட்டி மாவில கார் ஓடுது!" யோசெப் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தான். "மாதாவே, ரொட்டி மாவில கார் ஓடுது!"

நாலு நிமிடத்தில் மா சூட்டில் வெந்து, காய்ந்து, கழன்று விழுந்தது. எஞ்சின் இருமி நின்றது. ஆனால் அதற்காக யாரும் கவலைப்படவில்லை. நோய் பிடிபட்டுவிட்டது. பேச்சியம்மா மிச்ச மாவில் ரொட்டி சுட்டாள். கட்டாக் கருவாட்டைச் சுட்டு வெங்காயத்தோடு இடித்துச் சம்பல் செய்தாள். மூன்று பேரும் காரின் மட்காட்டில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பேச்சு முழுக்கத் துளை பற்றித்தான்.

"நீ கருவாடு விக்கப் போகல்லியா யோசெப்பு?" என்று கேட்டான் தங்கராசா.

"கருவாடு நாளைக்கும் கருவாடுதானே அண்ணை. பழுதாப் போகாது. இதை முடிக்காமல் நான் போகேன்."

தேய்ந்த துளையைக் கொஞ்சம் பெருப்பித்து, உள்ளே ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை இறுக்கினால் தண்டு ஆடாது. ஆனால் பித்தளைக் குழாய்க்கு எங்கே போவது? யோசெப் சைக்கிள் பம்பைப் பார்த்தான். பெரிது. தங்கராசா இலாம்பைக் கழற்றிப் பார்த்தான். மெல்லிசு. மாலைவரை பழைய இரும்புக் கடை, தச்சுப் பட்டறை என்று அலைந்தார்கள். தச்சரிடம் கைத்துளைப்பான் இரவல் கிடைத்தது, குழாய் கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது பேச்சியம்மா குசினி மூலையிலிருந்து காற்றடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பை இழுத்து வெளியே வைத்திருந்தாள். அதன் நடுவில் பித்தளைக் குழாய் ஒன்று நிமிர்ந்து நின்றது.

"இத அறுத்துக்கங்க."

"அடுப்பு போயிரும் பேச்சி."

"மண்ணெண்ண காருக்கே காணல்ல. இனி எந்தக் காலத்துல இத மூட்டப் போறேன்? அறுங்க."

சனிக்கிழமை முழுக்க அந்த வேலைதான். காபரேற்றரைக் கழற்றி, தண்டை உருவி, துளையை மெல்ல மெல்லப் பெருப்பித்தார்கள். குழாயில் விரற்கடை நீளத் துண்டை அறுத்து, அரத்தாள் சுற்றிய குச்சியால் உட்புறத்தைத் தேய்த்து, தண்டு வழுக்கிக்கொண்டு போகும்வரை ஆக்கினார்கள். கடைசியில் துண்டு துளைக்குள் போகமாட்டேன் என்றது. மயிரளவு பெரிது. தங்கராசா சுத்தியலைத் தூக்கினான்.

"அடிச்சா வெடிச்சுப் போகும் அண்ணை! வார்ப்பு!"

"வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டா எப்படிப் போடுறாங்க?" என்றாள் பேச்சியம்மா. "பட்டாவக் காய்ச்சித்தானே போடுறாங்க? காஞ்சா விரியும், ஆறுனா இறுக்கும்."

"இதை நெருப்பில வைக்க ஏலாது அக்கா, உருகிப் போகும்."

"நெருப்புல எதுக்கு? தண்ணி கொதிக்குதே."

அவள் காபரேற்றரைத் துணியில் சுற்றி, உலையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் இறக்கினாள். தங்கராசா பதறினான். "அடியே, அது சோத்துப் பானை!"

"சோறு பொறவு வேகும்."

பத்து நிமிடம் கழித்து அகப்பையால் தூக்கி வெளியே வைத்தாள். யோசெப் குழாய்த் துண்டை வைத்துக் கட்டைவிரலால் தள்ளினான். கத்தி பழத்துக்குள் போவது போலப் போயிற்று. மூன்று பேரும் குனிந்து அது ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறிய பிறகு யோசெப் குறட்டால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

பொழுது சாயும்போது பூட்டி முடித்தார்கள். நாலு சொட்டுப் பெற்றோல். ஹான்டில் ஒரு சுற்று. எஞ்சின் பிடித்தது. தங்கராசா ஸ்லோ திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். பேச்சியம்மா கையை நீட்டி, "இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும்!" என்றாள். ரேடியேற்றருக்குப் பின்னால் விசிறியின் இலைகள் ஒன்று ஒன்றாகத் தெரிகிறாற்போல ஓடிக்கொண்டிருந்தது. தங்கராசா உள்ளே ஏறி, முதலாம் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டு, இரண்டு காலையும் தூக்கிச் சீற்றில் சம்மாணம் கட்டினான். மொறிஸ் மைனர் வேப்பமரத்தடியிலிருந்து கிணற்றடிக்கு நடந்து போனது. யோசெப் பக்கத்தில் நடந்தான். நடந்தவன் காரை முந்திவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஐஸ்பழக்காரன் வந்திருந்தான். ஒலிபெருக்கி காலையிலிருந்தே கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. கயிறு இழுத்தல் முடிந்தது, சைக்கிள் ஓட்டம் முடிந்தது. பிறகு ஆறு கார்கள் வரிசையில் வந்து நின்றன. உள்ளே கால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாரதி பக்கக் கதவுகளைக் கழற்றியிருந்தார்கள். கூடவே நடந்து காலைக் கண்காணிக்க ஒவ்வொரு காருக்கும் ஒரு காவலர். நடுவர் அருந்ததி ரீச்சர், வெள்ளைத் தொப்பியும் விசிலுமாக.

பேச்சியம்மா கூட்டத்தின் முன்வரிசையில் யோசெப்போடு நின்றாள். கார்கள் எஞ்சினை எழுப்பின. இரண்டு கணம் காது கொடுத்தவள் சனத்தைத் தடுத்த கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"என்னா செஞ்சீங்க?"

"என்ன?"

"நேத்து நான் வச்ச சத்தம் இது இல்ல. எறக்கியிருக்கீங்க."

தங்கராசா முன்னால் பார்த்தபடி இருந்தான். "திருகாணியக் கால் சுத்துத்தான். கதிர்காமநாதனோட கார் நம்மளவிட மெதுவு பேச்சி. நேத்து வச்சதுல நிக்காமத் தாண்டலாம், வெல்ல முடியாது."

"வெல்லவா வந்தீங்க? திங்கக்கிழம வரிசைக்குத்தானே வந்தீங்க!"

"'உவங்களுக்கு ஏன் கார்'னு எவனோ சொன்னான்ல. அவன் பாக்கணும்."

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் ரீச்சர், "அம்மா, நீங்கள் வெளியில வாங்கோ!" என்று சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துவிட்டார்.

விசில். ஆறு கிளச்சும் விடுபட்டன. பன்னிரண்டு கால்கள் சீற்றில் ஏறின. வேட்டியை மடித்துக் கட்டிய சாரதிகள் சாமி ஆசனத்தில் இருப்பது போலச் சம்மாணம் கட்டி ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்ததைப் பார்த்து மைதானமே சிரித்தது. பத்து யாருக்குள் ஒரு ஒஸ்ரின் குலுங்கி நின்றது. "வெளியில!" இன்னொன்று ஸ்லோ கூடிப்போய் எல்லோரையும் விட்டுவிட்டு விறுவிறென்று கயிற்றைத் தாண்டியது, சாரதி தலையில் அடித்துக்கொண்டே போனார். அறுபது யாரில் மூன்றாவது கார் நின்றது. நாலாவது தாண்டிவிட்டது. பிறகு இரண்டே இரண்டு. கதிர்காமநாதனின் கேம்பிறிட்ஜும் தங்கராசாவின் மைனரும் பக்கம் பக்கமாக, மாட்டு வண்டியிடம் பிச்சை வாங்கும் வேகத்தில்.

"கருவாட்டுக் கார்! கருவாட்டுக் கார்!" என்று யோசெப் கத்தினான். எதற்கு அந்தப் பெயர் என்று அவனுக்கே தெரியாது. பக்கத்தில் நின்ற சனமும் சேர்ந்து கத்தியது.

எண்பது யாரில் மைனர் அரைச் சாண் பின்னால் இருந்தது. வென்றுகொண்டிருந்தது. அங்கேதான் வெள்ளிக்கிழமைத் தூறல் இன்னும் காயாத ஒரு மெத்தென்ற இடம். முன்சில்லு மண்ணில் அமுங்கியதும் எஞ்சினின் குரல் தாழ்ந்தது. டுக்... டுக்... டுக்... அடுத்த டுக் வருமா என்று கேட்கும்படி. கேம்பிறிட்ஜ் கனத்த கார், தன்பாட்டில் உருண்டு போனது. தங்கராசாவின் கால் தானாகக் கீழே இறங்கப் பார்த்தது. காவலர் குனிந்து பார்த்தார்.

"சோக்கு!" கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு பேச்சியம்மாவின் குரல். "கைதானே! சோக்க இழுங்க!"

இழுத்தால் எஞ்சின் பிழைக்கும், கார் வேகம் பிடிக்கும், வெற்றி போகும். இழுக்காவிட்டால் ஒருவேளை தாண்டும், ஒருவேளை நிற்கும். அடுத்த டுக் வரவில்லை போல இருந்தது. சோக்குக் குமிழை இரண்டு விரலால் பிடித்து அரை அங்குலம் இழுத்தான்.

எஞ்சின் மூச்சை இழுத்து எழும்பியது. மைனர் சேற்றிலிருந்து ஏறி, கேம்பிறிட்ஜை முந்தி, கயிற்றைத் தாண்டியது. ஆறடி பின்னால் கேம்பிறிட்ஜ் தாண்டியது.

கூட்டம் உள்ளே பாய்ந்தது. ஒருவர், "சோக்கைத் தொட்டது பிழை!" என்று கையை உயர்த்தினார். அருந்ததி ரீச்சர் நோட்டீசை எடுத்து விரித்து வாசித்தார். "காலைப் பற்றித்தான் எழுதிக் கிடக்கு. கையைப் பற்றி ஒண்டும் இல்லை. இரண்டாமிடம், தங்கராசா!" பரிசு ஒரு நீலப் பிளாஸ்ரிக் வாளி. யோசெப் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினான்.

தங்கராசா இறங்கியதும் பேச்சியம்மா அவன் புயத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "கால் சுத்து, கால் சுத்து! உசிரு போயிருச்சு எனக்கு."

"நீ கத்தல்லன்னா விட்டிருப்பேன் பேச்சி."

கதிர்காமநாதன் கழுத்தில் மாலையோடு வந்தார். நேரே மைனரின் திறந்த பக்கத்தில் குனிந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். சோக்கு உள்ளே போயிருந்தது. எஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆரிட்டக் குடுத்துச் செய்தனீர்?"

"ஆரிட்டையும் குடுக்கேல்லை அண்ணை. ஓட்டையைப் பிடிச்சது இவ. இந்த யோசெப்பும் நானும் பூட்டினதுதான்."

கதிர்காமநாதன் பேச்சியம்மாவைப் பார்த்தார். "ஓட்டை எங்க எண்டு நீங்களே பிடிச்சனீங்கள்?"

"காதுலதாங்க," என்றாள் அவள். கொஞ்சம் தயங்கினாள். "கேக்கறீங்கன்னா ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒங்க காரு நல்லாத்தான் ஓடுது. ஆனா விசிறிப் பட்டி கத்துது. ஒரு மாசத்துல அறும்."

சுற்றி நின்ற சாரதிகள் 'ஓ' என்று சத்தமிட்டார்கள். கதிர்காமநாதன் தன் காரடிக்குப் போய்ப் பொனற்றைத் திறந்து, பட்டியைத் திருப்பிப் பார்த்தார். உட்புறம் வெடித்திருந்தது. பொனற்றை மூடினார்.

"தங்கராசா, விடிய ஆறு மணிக்கு வாரும். பிந்தினா முறை போகும்."

திங்கட்கிழமை மில்காரர் ட்ரக்டரோடு வந்து வேப்பமரத்தடியில் எண்ணெய்க் கறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினார். கார் அப்போது சந்தியில் ஏழாவதாக நின்றது. பனி இன்னும் விலகவில்லை. தங்கராசா இறங்கினான். எஞ்சினை நிறுத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு, காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்கு நடந்தான். பனங்கட்டி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, பால் விடாத பிளேன்ரீயை ஊதி ஊதி, அவசரமில்லாமல் குடித்தான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் ஓடும் சத்தம் காதில் விழுந்துகொண்டிருந்தது, அது போதும்.

"தங்கராசா," என்றார் கதிர்காமநாதன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உம்மட முறை வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. நிப்பாட்டுமன், எண்ணெய் வீணாப் போகுது."

"ஓம் அண்ணை," என்றான் தங்கராசா. "இந்தத் தேத்தண்ணி முடியட்டும்."

கோப்பையில் பாதி இருந்தது. அவன் கடைக்காரரிடம் இன்னொன்று போடச் சொன்னான்.